யோலாந்தாவின் குறட்டை

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக ஐரோப்பாவைச் சுற்றுகிறவர்கள் ஊருக்கு அனுப்பும் படங்களில் நன்றாகச் சிரிப்பார்கள். எனக்கு வந்து சேர்வது அவர்களுடைய காலுறை நாற்றமும் தூங்காத கண்களும்தான். லியுப்லியானா ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் விடுதி நடத்துகிறேன். இளகிய மனசுக்காரி என்று என்னை யாரும் சொன்னதில்லை. காலை பத்து மணிக்கு எல்லாரையும் அறையிலிருந்து துரத்திவிட்டுப் பெருக்கித் துடைப்பேன். இரண்டு மணிக்குத்தான் திறப்பேன். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி.

யோலாந்தா வந்தவுடன், சாவியை வாங்குவதற்கு முன் ஒரு விஷயம் சொன்னாள்.

"நான் குறட்டை விடுவேன். முன்னாடியே சொல்லிடறேன்."

"எல்லாரும்தான் விடறாங்க."

"நான் விடறது வேற மாதிரி."

இதைத் தானாக வந்து ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போலந்தில் வூச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். "என் பின்னால உக்கார்ந்து ஊரே தூங்கிட்டு வரும், அலென்கா. ஒரு தடவையாவது வேற யாராவது ஓட்ட, நான் தூங்கிட்டே போகணும். போர்ச்சுகல் கடல் வரைக்கும்" என்றாள்.

"உங்க ஊருக்கு வடக்கயே கடல் இருக்கே."

"அங்க ஸெனெக்கும் கூட வருவான்."

ஸெனெக் அவளுடைய கணவன். வழியனுப்ப வந்தபோது, "மூணாம் நாள் வாசல்ல வந்து நிப்ப. சூப்பைச் சூடா வச்சிருக்கேன்" என்று பிளாட்பாரத்தில் நாலு பேர் காதுபடச் சொல்லியிருக்கிறான். மூன்றாம் நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு அவள் பையிலேயே இருந்தது.

வழியில் நல்லதும் நடந்திருக்கிறது. வியன்னாவில் ஒரு டிராம் ஓட்டுநரிடம் தன் தொழிலைச் சொன்னதும், அவர் அவளைப் பக்கத்திலேயே நிற்கவைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் மணியடித்துக் காட்டினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் களைப்பு இல்லை. கிராட்ஸ் நிலையத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டி, ஒரு பையனிடம் சாமான்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். அவன் முதுகுப்பையை விட்டுவிட்டு, ரொட்டியும் தொத்திறைச்சியும் இருந்த பையோடு போய்விட்டான். "பசிச்ச பிள்ளை, போகட்டும்" என்று சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெரிய பையைக் கழிப்பறைக்குள்ளும் இழுத்துக்கொண்டுதான் போகிறாள். தனியாகப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய பாடு. பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கண்ணை மூட முடியாது.

ரயிலிலும் அவளால் தூங்க முடியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. விடுதியிலாவது தூங்கலாம் என்றால் குறட்டை. அதற்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். போய்ச் சேர்ந்தவுடன் அறையிலுள்ள ஒவ்வொரு தலையணையிலும் காதடைக்கும் பஞ்சு ஒரு ஜோடியும், ஒரு பால் மிட்டாயும் வைப்பாள். வியன்னாவில் ஒரு விடுதியில் மிட்டாயைத் தின்றுவிட்டு, அவள் குறட்டையைப் போனில் பதிவுசெய்து, காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவளும் அங்கேதான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆட்களோடு ஓர் அறையில் தூங்கவே இல்லை. என் விடுதியிலும் மாடிப்படியில் உட்கார்ந்தே விடியவிட்டிருக்கிறாள்.

காலையில் காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை.

"மத்தியான வண்டியில வியன்னா. அங்கேர்ந்து வீட்டுக்கு" என்றாள்.

"அப்ப கடல்?"

"கடலுக்கு என்ன, அங்கயேதான் கிடக்கும். ஸெனெக் ஜெயிச்சுட்டான். சூப்பு குடிச்சுட்டுப் படுக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பத்து மணிக்கு எல்லாரையும் துரத்தினேன். அவளும் பையைத் தூக்கினாள். தூக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மேல போய்ப் படுங்க."

"பத்து மணி ஆச்சே. சட்டம்."

"சட்டம் போட்டவ நான்தான். போங்க."

"பை?"

"நான் துடைக்கற இடத்துல இருக்கும். எவன் வந்தாலும் கையில துடைப்பக்கட்டை இருக்கு."

"வண்டிக்கு எழுப்பிடுங்க அலென்கா. மறந்துடாதீங்க."

"எழுப்பறேன்."

படுத்த கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பொய் சொல்லவில்லை அவள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மற்ற ஏழு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றினேன். போர்வைக்குள் வலது கால் விட்டு விட்டு எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது.

வண்டி நேரம் வந்தது. தோளைத் தொடப் போனேன். கால் அசையாமல் கிடந்தது. இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்று தோன்றியது. கையை இழுத்துக்கொண்டேன். வியன்னா வண்டி ஊதிவிட்டுப் போவது கேட்டது.

இரண்டு மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. நடைவழியில் நின்று, உள்ளே என்ன இயந்திரம் ஓடுகிறது என்று கேட்டார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே போனை எடுத்தான். துடைப்பக்கட்டையைப் பார்த்ததும் திரும்பப் பைக்குள் போட்டான்.

வெயில் சுவரேறிய பிறகு யோலாந்தா எழுந்து வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். முதல்முறையாக என்னை 'நீ' என்றாள்.

"வழியெல்லாம் எழுப்பாதீங்கன்னு கெஞ்சினேன், எல்லாரும் எழுப்பினாங்க. எழுப்புன்னு உன்கிட்ட மட்டும்தான் கேட்டேன். நீ எழுப்பல."

"ஆமாம். எழுப்பல."

"யார் கேட்டா உன்னை?"

"யாரும் கேக்கல. திட்டணும்னா திட்டு. முதல்ல சாப்பிடு."

புளித்த முட்டைக்கோஸும் அவரையும் போட்ட சூப்பை வைத்தேன். கோபத்தோடேயே இரண்டு கிண்ணம் குடித்தாள். பிறகு, "ரொம்பச் சத்தமா?" என்று கேட்டாள்.

"தெருவுக்கே கேட்டுது."

சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸெனெக்குக்குப் போன் போட்டாள். அவன் என்ன கேட்டானோ. "சூப்பை நீயே குடிச்சுடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் காலை வெனிஸ் பக்கம் போகும் வண்டிக்கு டிக்கெட் எடுத்தாள்.

அன்று மாலை எல்லாரும் ஊர் சுற்றப் போயிருந்தபோது, ஏழு தலையணையிலும் பஞ்சும் மிட்டாயும் வைத்தாள். எல்லாரும் திரும்பி வந்த பிறகு, "நான்தான் அந்த இயந்திரம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முன்னாலேயே முதல் ஆளாகப் படுத்தாள்.

என் மேசையிலும் ஒரு ஜோடிப் பஞ்சும் ஒரு மிட்டாயும் இருந்தன. என் படுக்கை அந்த அறைக்கு நேர்கீழே. மிட்டாயைத் தின்றேன். பஞ்சை வைத்துக்கொள்ளவில்லை.