சோ.டி.க.வின் சுவரைத் தேடி நெய்வேலிக்கு

புதுச்சேரியில் என் தோழி சுமதி ஒரு சின்ன ஓவியக்கூடம் நடத்துகிறாள். 2016 பிப்ரவரியில் அங்கே போயிருந்தபோது மூன்று படங்கள் என்னை நகரவிடவில்லை. ஓவியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நெய்வேலி’ என்று மட்டும் இருந்தது. விசாரித்தால், அனுமதியில்லாமல் ஊர்ச் சுவர்களில் படம் போடுகிற பெண்ணாம், பெயர் கலைவாணியாம். சனிக்கிழமை கண்காட்சி. அதற்குள் அவள் போட்ட பெரிய சுவர்ப்படத்தை யாராவது போட்டோ எடுத்து வர வேண்டும். பெயரைப் போடலாமா என்பதையும் அவளிடம் கேட்டு வர வேண்டும். எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது என்று சுமதிக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடலூரில் இறங்கி வடலூர் வழியாகப் போயிருக்க வேண்டும். புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸில் பாய்ந்து ஏறியது என் அவசரபுத்தி. அது பண்ருட்டி பஸ். மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ரயில் வருகிற வழியைக் காணோம். கீழே இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தேன். “நீங்க எறங்கி நின்னா கேட்ட தொறந்துடுவானாங்க? ஒக்காருங்கம்மா” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. பண்ருட்டியில் மாறி, நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கும்போது மணி பத்தாகப் போகிறது.

சுமதி சொல்லிவைத்திருந்தபடி கலைவாணி அங்கே, சேலைக்கு மேல் பளபளக்கும் பச்சை ஜாக்கெட்டும் கையில் ஹெல்மெட்டுமாக நின்றிருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் கைப்பிடிக் கம்பிகளுக்கும் குழாய்களுக்கும் பெயின்ட் அடிக்கிற கான்ட்ராக்ட் வேலை. அன்றைக்கு லீவு. “அப்புறம் எதுக்கு இந்த வேஷம்?” என்று கேட்டேன்.

“இதாங்க்கா என் லைசென்ஸு. ராத்திரில திருட்டுத்தனமா வரைஞ்சா நாய் கொலைக்கும், போலீஸ் வரும். ஹெல்மெட்ட மாட்டிகினு பட்டப்பகல்ல வரைஞ்சா கான்ட்ராக்ட் வேலன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஒரு நாளு வாட்ச்மேனே ஏணிய புடிச்சிகினு நின்னாரு.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் பெயரைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. சுவரில் கிறுக்குவது யார் என்று தெரிந்தால் அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்று அவர்கள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். பாஸ் இல்லாவிட்டால் உள்ளே கால் வைக்க முடியாது. அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் தம்பியும் சாப்பிடுகிறார்கள். “கேலரில படம் விக்கிதுதான், இல்லங்கல. ஆனா மாசாமாசம் விக்குமாக்கா?” என்றாள். நான் அவசரமாக ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

போகிற வழியில் சுவர் கதையைச் சொன்னாள். நம் ஊரில் கட்சிக்காரர்கள் சுவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கட்சிப் பெயரை எழுதி ‘இந்த வருஷம் வரை’ என்று போட்டுவிட்டால் மற்றவர்கள் தொடமாட்டார்கள். இவளும் படத்தை முடித்துவிட்டு ஓரத்தில் ‘சோ.டி.க. 2016 வரை’ என்று எழுதிவிட்டாள். அதாவது, சோத்து டிபன் கட்சி! ஐந்து வருஷமாக அதில் ஒரு போஸ்டர்கூட விழவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “அது ஒங்க கட்சியாம்மா? ஏதோ ஒடைஞ்சி வந்த கோஷ்டின்னு நெனச்சிகினு இருந்தோம்!”

ஆட்டோ நின்றதும் கலைவாணி, “ஐயோ!” என்றாள். சுவரில் முக்கால்வாசி வெள்ளை. சேத்தியாத்தோப்பிலிருந்து கட்சிக்காரர்கள் மூன்று பேர் டெம்போவில் சுண்ணாம்புடன் வந்திருந்தார்கள். சேலை கட்டி ஹெல்மெட் போட்ட ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறக்கிறாள், உள்ளே சோற்றுக்குப் பதில் சுரங்கம் கிடக்கிறது. அதுதான் முழுப்படம் என்று கலைவாணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் பார்த்தது முகத்தை மட்டும்தான்.

ஆத்திரத்தில் நான்தான் முதலில் கத்தினேன். மூவரில் பெரியவர் நிதானமாகப் பதில் சொன்னார். “நாங்க அடுத்த கட்சி செவுத்த தொடறதில்லீங்க. ஆனா இதுல 2016 வரைன்னுதான போட்டுக்கிது? வருசம் வந்துடுச்சில்ல. கேட்டுகினு அடிக்கலாம்னு நாலு ஊருல விசாரிச்சோம். அந்தக் கட்சில ஒரு ஆளு கெடைக்கலியே!”

வருஷம் போடாவிட்டால் கட்சி எழுதியது போல இருக்காது என்று அவளே போட்டது. அந்த வருஷம் வந்துவிட்டதையும், அது எலெக்‌ஷன் வருஷம் என்பதையும் அவளே மறந்துவிட்டாள்.

“மூஞ்ச அழிக்க மனசு வரலீங்க, கடைசிக்கி வெச்சிகினு இருக்கோம்” என்றார் அவர். “யாரு வரைஞ்சதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

எதிர் டீக்கடையில் பச்சை ஜாக்கெட் போட்டவர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோடு வேலை செய்கிறவர்கள். சுவரே போய்விட்டது, வாயை மூடிக்கொண்டால் பாஸாவது மிஞ்சும். வா போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டாள்.

“நாந்தான் வரைஞ்சேன்” என்றாள், டீக்கடை வரை கேட்கும்படி.

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை நீட்டினார். “அப்ப நீயே அடிச்சிடும்மா. எங்க கை வேணாம்.”

அவள் ஏணியில் ஏறினாள். நான் காமிராவை எடுத்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே கொடுத்தாள். “என் மூஞ்சி தெரியிற மாரி எடுங்கக்கா. பேரையும் போட்டுக்கச் சொல்லுங்க.” நெற்றியிலிருந்து ஆரம்பித்து அடித்தாள். கண்களை அடிக்கும்போது அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அந்தப் போட்டோதான் சனிக்கிழமை கண்காட்சி வாசலில், அவள் முழுப்பெயரோடு இருந்தது.

போகிறவர்களுக்கு: புதுச்சேரியிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். கடலூரில் வடலூர் பஸ்ஸைக் கேட்டு ஏறுங்கள், என்னைப் போலப் பாயாதீர்கள். ஆர்ச் கேட்டிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன். டவுன்ஷிப்புக்குள் பிளாக் நம்பர் சொன்னால்தான் வழி சொல்வார்கள். பிடித்த சுவர்ப்படம் கண்ணில் பட்டால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் கலைவாணி போன் செய்தாள். திங்கட்கிழமை காலையிலேயே பாஸை வாங்கிக்கொண்டார்களாம். நான் தேற்ற ஆரம்பிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“பக்கத்து வூட்டம்மா இப்பத்தான் கேட்டுட்டுப் போறாங்கக்கா, ஏன்டி வேலைக்குப் போவலியான்னு. ஸ்டூல்ல நின்னு படம் வரையிற துணிக்கு மொத கோட்டிங் அடிச்சிகினு இருந்தேன். வேலைலதாங்க இருக்கேன்னு சொன்னேன்.”