அடித்துப் பிடுங்கிய உறுமல்

என் நாயை ஊமையாக்கியவர் நாய் பழக்கும் மாஸ்டர்தான். அவனுக்குக் குரைக்க வரும், ஊளையிடக்கூட வரும். உறுமத்தான் வராமல் போனது. அந்த உறுமலை அவர் அடித்துப் பிடுங்கினார். பிடுங்கும்போது நான் கூடவே நின்றேன். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என்னை விட்டுவிட்டு எழுதினால் இது பாதிப் பொய்.

மந்தைவெளியில் நானும் என் புருஷனும் தையல் கடை வைத்திருக்கிறோம். முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் வெட்டித் தைப்பார். நான் ஹூக் வைப்பேன், காஜா எடுப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாயில் விழுந்து கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்தது நான்தான். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. ஆறு மாதம் வரை எந்தத் தொல்லையும் இல்லை. வெட்டு மேசைக்கு அடியில் துணிக் குவியலில் கிடப்பான். கூப்பிட்டால் வருவான்.

எட்டாவது மாதம் அதே தோலுக்குள் வேறு நாய் வந்து உட்கார்ந்துகொண்டது. காலைத் தூக்க ஆரம்பித்தான். முதலில் மெஷின் காலில், அப்புறம் மயிலாப்பூரிலிருந்து வரும் ஒரு மாமிக்குத் தைத்து வைத்திருந்த பட்டு ரவிக்கையில். மாமி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை எப்படிடி ஆத்துக்கு எடுத்துண்டு போறது? நீயே போட்டுக்கோ" என்று மேசையில் எறிந்துவிட்டுப் போனார். சங்கிலியை அவன் இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை. தெருவில் எந்த ஆண் நாயைப் பார்த்தாலும் பாய்ந்தான். தலையணை, துணி கொடுக்க வந்தவர்களின் கால் என்று எல்லாவற்றின் மேலும் ஏறினான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், வர மாட்டான். எலும்பு போட்டால் பக்கத்தில் போக முடியாது. தொண்டைக்குள் கல் அரைபடுவது போல ஒரு சத்தம்.

என் புருஷன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"மீசை மொளைக்கிற வயசு. கம்முனு வுடு. நானும் அந்த வயசுல எங்கப்பன மொறைச்சிக்கினுதான் இருந்தேன்."

"உங்கப்பா இன்னா பண்ணாரு?"

"பெல்ட்டால பின்னிட்டாரு."

"நீ அடங்கினியா?"

"அடங்கினா உன் கழுத்துல தாலி கட்ட மந்தைவெளிக்கு எதுக்கு வர்றேன்? ஊட்ட வுட்டு ஓடி வந்தவன்தானே."

அதை நான் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் அவன் சோற்றுத் தட்டை நகர்த்தப் போனேன். பல்லைக் காட்டி உறுமினான். கடிக்கவில்லை, உறுமினான், அவ்வளவுதான். என் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே முறைக்கிறானே என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. மறுநாள் காலை மாஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

சாந்தோம் கடற்கரையில் படகுகள் மீனை இறக்கி முடித்ததும் மாஸ்டரின் வகுப்பு தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாய்கள் வரும். எல்லாம் அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் காரில் வருபவை. தெருவில் பிறந்தது என்னுடையது மட்டும்தான். மாஸ்டர் குனிந்து அவன் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். அவன் உறுமினான். அடுத்த நொடி அவனை மணலில் மல்லாக்கப் போட்டுக் கழுத்தில் முட்டியை வைத்து அழுத்தினார். நான்கு கால்களும் காற்றில் உதைத்தன. வாய்க்குள் மணல். தன் வயிற்றின் மேலேயே மூத்திரம் போனான். உதைப்பது நிற்கும் வரை மாஸ்டர் முட்டியை எடுக்கவில்லை.

"பாத்தீங்களா மேடம், இதுக்குப் பேரு திமிரு. இந்த வயசுலயே எறக்கிடணும். உறுமுனா அடி. ஒவ்வொரு உறுமலுக்கும் ஒரு அடி. ஊட்ல யாரு பாஸுன்னு அவனுக்குத் தெரியணும்."

ஒரு முழ நீளத்துக்குப் பச்சை ரப்பர் குழாய் ஒன்றை நீட்டினார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

நான்கு வாரம் அடித்தேன். தட்டை வைப்பேன். கிட்டே போவேன். உறுமுவான். அடிப்பேன். மறுபடி போவேன். உறுமுவான். அடிப்பேன். முதுகில் விரல் தடிமனுக்கு வீங்கியது. விலா எலும்பில் பட்டால் ஒரு மாதிரிச் சத்தம் வரும், தொடையில் பட்டால் வேறு சத்தம். எனக்கு இரண்டும் பழகிவிட்டது. அடித்துவிட்டு நான் அழுதேன் என்று எழுதினால் நல்லாயிருக்கும். அழவில்லை. ரவிக்கை பிடிக்கவில்லை என்று யாராவது கத்திவிட்டுப் போன நாளில் குழாய் இன்னும் வேகமாக இறங்கியது.

வகுப்புக்குப் பக்கத்தில் அன்னக்கூடையோடு உட்கார்ந்து மீன் விற்கும் ஒரு பெண் தினமும் வேடிக்கை பார்ப்பார். ஒரு நாள் மாஸ்டரைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னா நைனா, வாயத் தொறந்தாலே போடுற? கம்முனு ஆயிட்டா அடங்கிட்டான்னு அர்த்தமா? எம்புருசனும் ஒரு வருசம் கம்முனுதான் இருந்தான். ஒரு நாளு அம்மிக் கல்லத் தூக்கினு வந்தான்."

"நீ மீனப் பாரு, அக்கா."

"மீனத்தான் பாக்குறேன். செத்தது எதுவும் உறுமாது, அதுக்காவ நீ பழக்குனேன்னு சொல்லுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மாஸ்டர் பக்கம் நின்றுகொண்டு.

நான்காவது வாரக் கடைசியில் உறுமல் நின்றுபோனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். நடுவில் என் நாய், அவன் முன்னால் தட்டு. மாஸ்டர் தட்டுக்குள் கையை விட்டுச் சோற்றைக் கிளறினார். எலும்பை எடுத்தார், திரும்ப வைத்தார். சத்தமே இல்லை. "தெரு நாய். நாலே வாரம். பாத்துக்கங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். காரில் வந்தவர்கள் மத்தியில் என் நாய் முதல் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து, கடை திறந்த கொஞ்ச நேரத்தில், என் புருஷன் கையிலிருந்து நூல் சுற்றிய பாபின் நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. அங்கே அவன் எலும்போடு படுத்திருந்தான். அவர் குனிந்து கையை விட்டார். உறுமல் இல்லை, பல்லைக் காட்டவில்லை, ஒன்றும் இல்லை. நேரே கடி. வலது கை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். கத்தரி பிடிக்கிற இடம். அவர் கையை இழுக்க இழுக்க அவன் தலையை உதறினான். சதை பிய்ந்து தொங்கியது. வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் ரத்தம்.

நான் குழாயை எடுத்தேன். முகம், கண், மூக்கு என்று பார்க்காமல் அடித்தேன். குழாய் வழுக்கி விழுந்ததும் மர ஸ்கேலை எடுத்தேன். அது அவன் தலையில் இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டாலும் குத்தினேன். அவன் மூலையில் சுருண்டு கிடந்தான். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதையும் நாங்கள் பிடுங்கியிருந்தோம். என் புருஷன் கடிபட்ட கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இன்னொரு கையால் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் தரையில் விழுந்தேன்.

"கொன்னுடாதடி" என்றார்.

ராயப்பேட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள், அப்புறம் தையல். வாசலில் நின்று மாஸ்டருக்கு போன் செய்தேன்.

"தெரு ரத்தம் மேடம். நான் நல்லாத்தான் பழக்கினேன், நீங்க ஊட்ல செல்லம் குடுத்துட்டீங்க. ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்றார். வைத்துவிட்டார்.

நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். என் புருஷன்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"சொல்லாம கடிச்சிட்டான்னு சொல்லாத. சொல்லும்போதெல்லாம் நீ அடிச்ச. அவன் இன்னாதான் பண்ணுவான்?"

அடையாறில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். வீங்கிய கண்ணைத் திறந்து பார்த்தார், விலாவைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது விடலைப் பருவம். இந்த வயசுல ஆண் நாய் எல்லாமே இழுக்கும், ஏறும், சொன்னா கேட்காது. ஒன்றரை, ரெண்டு வயசுல பெரும்பாலும் தணிஞ்சிடும். கருத்தடை பண்ணா அலையறது கொஞ்சம் குறையலாம். பயம் குறையாது. பயம் நீங்க குடுத்தது" என்றார். "உறுமறது திமிர் இல்ல. கிட்ட வராதேன்னு சொல்றது. அதைச் சொல்லத் தெரியாத நாயை ஆளுங்க வந்து போற கடையில வச்சிக்க முடியாது. மூணு மாசம் பாருங்க. அதுக்குள்ள அந்த உறுமல் திரும்பி வந்தா பொழச்சான்." வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆக, அவன் உறுமினால் உயிர், உறுமாவிட்டால் ஊசி. நான்கு வாரம் எதை அடித்தேனோ அது திரும்பி வர வேண்டும் என்று காத்துக்கிடந்தேன். கருத்தடை முடிந்தது. கடை திறந்திருக்கும்போது அவனுக்கு வாய்மூடி போட்டோம். சாப்பாடு பின்னறையில். நான் தூரத்தில் நடந்து போகும்போதெல்லாம் ஒரு துண்டு கறியை அவன் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுவேன். எலும்பைப் பிடுங்க யாரும் போகவில்லை. முதல் மாதம், நான் கையைத் தூக்கினாலே தரையோடு ஒட்டிக்கொண்டான், தலையில் பூ வைக்கத் தூக்கினாலும். பச்சைக் குழாயை என் புருஷன் இடது கையால் துண்டு துண்டாக வெட்டினார். வலது கையில் கத்தரி நிற்கவில்லை. இன்றைக்கும் சரியாக நிற்கவில்லை. இப்போது வெட்டுவது நான்.

பதினோராவது வாரம், ஒரு மத்தியானம், பின்னறைக்குள் துணி எடுக்கப் போனேன். அவன் எலும்போடு இருப்பதைக் கவனிக்கவில்லை. மேல் உதடு ஒரு பக்கம் தூக்கியது. மெஷின் பெல்ட் தேய்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். நான் அப்படியே நின்றேன். "சரிடா. போறேன்டா" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்தேன். சத்தம் நின்றது. புருஷனைக் கூப்பிட்டேன். அவர் கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தார். நான் ஓரடி உள்ளே வைத்தேன், மறுபடி வந்தது.

"நல்லாக் கேக்குது" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் ரவிக்கை அளவு கொடுக்க வந்த ஒரு பெண் தன் போனைக் காட்டினார். புதிதாக நாய் வாங்கியிருக்கிறாராம், மாஸ்டர் இந்த வீடியோவை அனுப்பினாராம். வட்டம், தட்டு, என் நாய். அன்றைக்குக் கை தட்டிய நான் இப்போதுதான் பார்த்தேன். அவன் சாப்பிடவே இல்லை. உடம்பு மரக்கட்டை. காது பின்னால் ஒட்டியிருக்கிறது. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிகிறது.

மாஸ்டர், இந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் மணலுக்கு வருகிறேன். என் நாயும் வருவான், என் புருஷனின் கையும் வரும். போனில் பேச வேண்டாம், என்னைத் தனியாகக் கூப்பிடவும் வேண்டாம். நாயோடு வந்திருக்கும் எல்லோர் முன்னாலும் அந்த வீடியோவைப் போடுங்கள். நீங்கள் தட்டுக்குள் கையை விடும் இடத்தில் நிறுத்துங்கள். அவன் கண்ணைக் காட்டி, அப்போது அவன் உங்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.