அறுபத்தைந்து அங்குலத்தில் ஒரு முகம்

மதுரங்குளிச் சந்தியில் இருந்த சரீப் ஹாஜியாரின் கடைக்கு டிவி வாங்க வருகிறவர்கள், விலையை ஹாஜியாரிடம் கேட்பார்கள். எது நல்லது என்பதை றிஸ்மினாவிடம்தான் கேட்பார்கள். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. வந்த மறுவருடம் புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவள். மின்னணு வேலை படித்து, மூன்று வருடம் கடையின் பின்னறையில் பழுது பார்த்து, பிறகுதான் விற்பனைக்கு வந்தாள். டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தவள் என்பதால் முன்பக்கத்தை அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டாள்.

கம்பனிக்காரர்கள் கொடுத்த கிளிகளும் அருவிகளும் ஓடும் வீடியோவை நிறுத்திவிட்டு, சாதாரணச் செய்தியைப் போட்டுக் காட்டுவாள்.

"வீட்ட போய் இதத்தானே பாக்கப் போறீங்க?" என்பாள்.

பெரிய டிவிக்கு வந்தவர்கள் பாதிப் பேர் சின்னதை வாங்கிக்கொண்டு போவார்கள். ஹாஜியாருக்கு அது பிடிக்காது. 2019 ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு கரையோரத்துக் கத்தோலிக்கச் சனங்கள் முஸ்லிம் கடைகளுக்கு வருவது குறைந்திருந்தது. நவம்பர் மாதம் பிறந்ததும் ஹாஜியார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த மாசம் ஒரு பெரிய டிவியாவது போகணும் மகள். இல்லெண்டா உன்ன வெச்சிரிக்க எனக்கு ஏலா."

அடுத்த செவ்வாய்க்கிழமை றோசா வந்தாள்.

கண்டக்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் ஒரு பென் டிரைவ். கடைக்குள் கால் வைக்க யோசித்து, வாசலிலேயே சிறிது நேரம் நின்றாள். பிறகு நேரே றிஸ்மினாவிடம் வந்தாள்.

"பிள்ள, ஒரு ஆள்ர முகம் ஆகத் தெளிவாத் தெரியிற டிவி எது?"

அவளுடைய மகன் நிலுக்சன் செப்டெம்பரில், நாட்கணக்கில் ஆழ்கடலில் நின்று மீன் பிடிக்கும் ஒரு பலநாள் படகில் போனவன். போய் ஒன்பது கிழமையாகியும் படகு திரும்பவில்லை. இப்போது தூரத் தீவுநாடொன்றின் கரையோரக் காவலர்கள், கடலில் தத்தளித்த இலங்கை மீனவர்கள் நாலு பேரைக் காப்பாற்றியதாகச் செய்தி வந்திருந்தது. பெயர்கள் இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த இருபது விநாடி வீடியோ மட்டும் இருந்தது. அதில் மூன்று பேர் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். நாலாமவன் மூடவில்லை.

"போன்ல பாத்தா முகம் அழிஞ்சு கிடக்கு. பெரிய டிவில பாத்தாத் தெரியுமெண்டு சொல்றாங்க. வீட்டில கிடந்த மற்ற போட் எஞ்சின வித்துப்போட்டு வந்திருக்கன்" என்றாள் றோசா.

ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்தார். "அந்த அறுபத்தஞ்சப் போட்டுக் காட்டு மகள். ஃபோர் கே. அதுதான் ஆகத் தெளிவு."

றிஸ்மினா பென் டிரைவைச் செருகினாள். சுவர் அகலத் திரையில் ஒரு படகுத்துறை வந்தது. நாலு பேர் நடந்து வந்தார்கள். கடைசி ஆள் தலையைத் திருப்பிய இடத்தில் அவள் படத்தை நிறுத்தினாள். ஒரு கணம் முகம் கலங்கலாக இருந்தது. பிறகு கன்னமும் தாடையும் கோடு பிடித்தாற்போல் இறுகி எழுந்தன.

றோசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிலுக்சன்! என்ர பிள்ள... மாதாவே, என்ர பிள்ளதான்!"

திரைக்கு ஓடிப்போய் இரண்டு கையாலும் அந்த முகத்தைத் தடவினாள். ஹாஜியாருக்கும் கண் கலங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே பில் புத்தகத்தை எடுத்தார்.

றிஸ்மினா ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. அந்தத் திரையில் எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். அந்த வீடியோவிலோ ஒரு லட்சம்கூட முழுசாக இல்லை. உண்மையான புள்ளி ஒன்றுக்கு எண்பது புள்ளிகளை டிவி தானே ஊகித்துப் போட்டிருந்தது. அந்தத் தாடையைக் கமரா எடுக்கவில்லை, டிவி வரைந்திருந்தது. பேசாமல் இருந்தால் டிவி போகும், வேலை நிற்கும், இந்தத் தாயும் சிரித்துக்கொண்டு வீடு போவாள். ஊருக்குப் போய் மகன் உயிரோடிருக்கிறான் என்பாள். பெயர்ப் பட்டியல் வரும் நாளில் அவளுக்கு என்ன ஆகும்?

மெனுவுக்குள் போனாள். கூர்மையைக் கூட்டுவதை நிறுத்தினாள். படத்தின் இரைச்சலைத் துடைப்பதை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த முகம் கரைந்தது. கடைசியில் மூக்கும் கண்ணும் இல்லாத சதுரத் திட்டுகள்தான் மிஞ்சின.

"ஏன் நிப்பாட்டின?" றோசா திரும்பிக் கத்தினாள். "என்ர பிள்ளைய ஏன் அழிச்ச?"

"அக்கா, நான் அழிக்கல்ல. வீடியோவில இரிக்கிறது இவ்வளவுதான். மத்ததெல்லாம் டிவி தானா நெனச்சுப் போட்டது."

"பொய்! உங்கட ஆக்களுக்கு எங்கட கஷ்டம் விளையாட்டா?"

கடைக்குள் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். றிஸ்மினா பென் டிரைவைப் பிடுங்கி, பக்கத்திலிருந்த வேறு கம்பனி டிவியில் செருகினாள். அதே இடத்தில் நிறுத்தினாள். இப்போது வந்தவனுக்கு மீசை நிழலடித்தது, நாற்பது வயது மதிக்கலாம். மூன்றாவது டிவியில் போட்டாள். கன்னம் ஒட்டிய வேறொருவன் நின்றான்.

றோசா மூன்று திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். பில் புத்தகத்தை மூடிய சத்தம் கேட்டது. ஹாஜியார் றிஸ்மினாவைப் பார்க்கவில்லை.

"அசல் வீடியோ எங்கயோ இரிக்கும் அக்கா. அதில கூடப் புள்ளி இரிக்கும். அது வந்தாத்தான் சொல்லலாம். ஒரு கிழம தாங்க" என்றாள் றிஸ்மினா.

செய்தியைப் போட்ட அலைவரிசைக்கு அன்றே அழைத்தாள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் போனை எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. றோசா தினமும் பஸ் ஏறி வந்து வாசல் கதிரையில் இருந்தாள். ஆசியா உம்மா, றிஸ்மினாவின் தாய், மகளுக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றோடு இன்னொரு பார்சலும் சேர்த்தார். முதல் நாள் றோசா அதைத் தொடவில்லை. அடுத்த நாள் பாதி சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள், அலைவரிசையில் படம் தொகுக்கும் ஒரு பெண் இரங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த அசல் வீடியோவை அப்படியே அனுப்பிவிட்டாள்.

றிஸ்மினா அறுபத்தைந்து அங்குலத் திரையில் எல்லாச் சோடனையையும் நிறுத்திவிட்டு, இருந்தபடியே போட்டாள். றோசா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. நாலு பேர் நடந்தார்கள். கடைசி ஆள் திரும்பினான். இம்முறை முகம் கலங்கவில்லை.

நிலுக்சனின் இடது புருவத்தில் தூண்டில் கிழித்த வெட்டு இருந்தது. இவன் புருவம் முழுசாக இருந்தது. மூக்கும் வேறு.

"இவனில்ல" என்றாள் றோசா. அழவில்லை. திரைக்குக் கிட்டப் போய் அவனுடைய சட்டையை உற்றுப் பார்த்தாள். சிங்கள எழுத்துகள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். சிலாபத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றின் விளையாட்டுக் கழகத்தின் பெயர்.

"இவனுக்கும் ஒரு தாய் இருப்பா பிள்ள. இந்தப் படத்த என்ர போனுக்குப் போடு."

அன்றே சிலாபத்துக்கு பஸ் ஏறினாள். கழகத்தைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். அவனுடைய இளம் மனைவி கறுப்புச் சட்டையில் இருந்தாள். அவனுக்காக இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. றோசா போனை அவள் கையில் வைத்தாளாம்.

அறுபத்தைந்து அங்குல டிவி அந்த மாதம் போகவில்லை. ஹாஜியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். றிஸ்மினா வீட்டின் முன்னறையில் மேசை போட்டு டிவி திருத்தத் தொடங்கினாள். முதல் மாதங்களில் வேலை வந்த நாட்களைவிட வராத நாட்களே அதிகம்.

பெப்ரவரியில் சிலாபத்துக்காரன் வீடு வந்து சேர்ந்தான். கேள்விப்பட்டதும் றோசா அவனைப் பார்க்கப் போனாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலிருந்தே றிஸ்மினாவுக்கு அழைத்தாள்.

"கேட்டுட்டன் பிள்ள. நாப்பது நாள் கடல்ல கிடந்தானாம். வேற போட் ஒண்டையும் காணல்லையாம்."

இருவரும் போனை வைக்கவில்லை. றோசா பஸ் மாறும் இடம் வந்து நடத்துநர் "பாலாவி, பாலாவி" என்று கூவும் வரை, பஸ் ஓடும் இரைச்சலைக் கேட்டபடி றிஸ்மினா போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.