கோழிக்காக நான் போட்ட மொட்டை

கொடியில் சேவலை வைத்திருக்கும் முருகன், அதையே வளர்த்துக் கறிக்கு விற்கிற என்மேல் கோபித்துக்கொண்டார் என்றுதான் முதலில் நம்பினேன். திருத்தணிக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். அடைமழையில் கோழிகள் தீனி எடுக்காமல் சுருண்டன. தினமும் சில செத்தன. பண்ணையே காலியாகிவிடும் என்று நடுங்கி, மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

என் தலையைப் பார்த்த மனைவி, "நீ மொட்டை அடிச்சிகினு வந்தா கோழி எழுந்துக்குமா? சோள மூட்டைய மோந்து பாத்தியாய்யா?" என்றாள். பிரித்தோம். உள்ளே பச்சைப் பூஞ்சை.

கால்நடை டாக்டர் செத்த கோழியை அறுத்து, வெளுத்து வீங்கிய ஈரலைக் காட்டினார்.

"பூஞ்சை விஷங்க. மொதல்ல அந்தச் சோளத்தக் கொட்டிப் பொதைங்க. புதுத் தீனியில கீழாநெல்லி, மஞ்சள் சேர்ந்த இந்த மூலிகைப் பொடியக் கலந்து குடுங்க. ஈரல் தேறும்."

"என் முடிக்கும் ஏதாச்சும் பொடி இருக்குதுங்களா?"

"நான் கோழிக்குத்தாங்க டாக்டரு!"

முடி முளைப்பதற்குள் கோழிகள் முந்திக்கொண்டன. பிழைத்தவை தீனித் தட்டுக்கு முட்டிமோதின. பெட்டைகள் மறுபடி முட்டையிட்டன. இப்போதெல்லாம் சோளத்தை நன்றாகக் காயவைத்து, மூட்டைகளைப் பலகைமேல் அடுக்கி, மோந்து பார்த்த பிறகே அரைக்கிறேன்.

முருகனுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. கொட்டகைக் கூரை ஒழுகி, சோள மூட்டை நனைந்திருந்தது.