மெய்யியல் துறையில் முட்டிவலி

தத்துவம் சொல்லிக்கொடுக்கிற வேலையில் பெரிய கஷ்டம் பாடம் நடத்துவது இல்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று ஊரை நம்பவைப்பதுதான். "இன்னா வேலை பண்றீங்க?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்டு, ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் கல்யாணப் பந்தியில் திருதிருவென்று முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். "உங்க வூட்ல இன்னா பண்றாங்க?" என்று யாராவது கேட்டால், "காலேஜ்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் ரசம் கேட்பார்.

குடியிருப்பது வில்லியனூரில். வேலை பாகூர் பக்கம் ஒரு காலேஜில், கெஸ்ட் லெக்சரர். பதினோரு வருஷமாக கெஸ்ட்! எந்த வீட்டிலும் ஒரு விருந்தாளியை இத்தனை நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் துறையில் மொத்தம் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு ஆள். அந்த ஆள் நான்.

போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை பிரின்சிபல் கூப்பிட்டார். நல்ல மனிதர். கணக்கு வாத்தியாராக இருந்து வந்தவர், ஆகவே எதையும் எண்ணில்தான் சொல்வார். "பத்து பேர் சேரணும். வெள்ளிக்கிழமை நாலு மணி. இல்லேன்னா துறைய மூடிடலாம்னு மேல எழுதிடுவேன். உங்க ரூம் காமர்ஸுக்கு." அறை காமர்ஸுக்குப் போனால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். என் கையில் இருந்தது மூன்றே பேர். பயந்துபோனேன், அதை மறைப்பானேன். எனக்கு இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. அதைவிட, இந்த வேலையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஐந்து நாளில் நான் பட்ட பாடுதான் இது.

முதல் நோயாளி

எங்கள் அறை வாசலில் "மெய்யியல் துறை" என்று ஒரு பலகை தொங்குகிறது. மெய் என்றால் உண்மை, உண்மையைத் தேடுகிற படிப்பு. நல்ல தமிழ்ப் பெயராக இருக்கட்டும் என்று ஆபீஸில் நானே சண்டை போட்டு வாங்கி மாட்டினேன். மெய் என்றால் உடம்பு என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதே, அது அந்த நேரத்தில் என் மரமண்டையில் ஏறவில்லை.

பிரின்சிபலைப் பார்த்துவிட்டு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். குருவிநத்தத்திலிருந்து கோவிந்தம்மா என்று ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயது இருக்கும், உள்ளே வந்தார். மகள் வெண்ணிலாவை காமர்ஸ் வரிசையில் நிறுத்திவிட்டு வந்தாராம். பலகையைப் பார்த்தாராம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி என் மேசைமேல் நீட்டினார். "இந்த முட்டிதாம்மா. பஸ்ஸு ஏறசொல்ல ஒரு வலி, எறங்கசொல்ல ஒரு வலி."

இது ஆஸ்பத்திரி இல்லை, யோசிக்கிற இடம் என்று விளக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். பதினோரு வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? "ஆனா ஒண்ணு கேக்கறேம்மா. வலி உங்க முட்டியில இருக்கா, மனசுல இருக்கா? தூங்கும்போது முட்டி அங்கேயேதான் இருக்கு, வலி எங்க போவுது?" என்றேன். கோவிந்தம்மா காலை மெதுவாக இறக்கினார். முட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "மனசுலதான் வலின்னா, தைலத்த எங்கம்மா தடவறது?"

ஓசியில் வருகிறது

செவ்வாய்க்கிழமை வராந்தாவில் அட்மிஷன் மேசை போட்டு உட்கார்ந்தேன். காமர்ஸ் மேசைக்கு முன்னால் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. என் மேசைக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது. மண்ணாடிப்பட்டிலிருந்து ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்து, வழி தவறி என் முன்னால் நின்றார். கரும்பு போடுகிறவர். விடுவேனா? "தத்துவம் படிச்சா யார் எதைச் சொன்னாலும் பொசுக்குன்னு நம்ப மாட்டாங்க. ஓட்டு கேட்டு வர்றவங்க சொன்னாலும், வாட்ஸ்அப்புல வந்தாலும், 'அது எப்படித் தெரியும், ஆதாரம் இன்னா'ன்னு கேப்பாங்க" என்று மூச்சுவிடாமல் பொழிந்தேன். அந்த மனிதர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க இப்ப சொன்னத மட்டும் நான் எப்படி நம்பறது?" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "ஐயா, இதுதான்! நீங்க கேட்டீங்களே, இதேதான் தத்துவம்!" என்று கத்தினேன். நாய் எழுந்து போய்விட்டது. அவர் மகளின் தோளைத் தொட்டுத் திருப்பினார்: "இதான்னா, எனக்கு ஓசியிலயே வருதே. இதுக்கு இன்னாத்துக்கு மூணு வருஷம்? வாம்மா, காமர்ஸு எங்கன்னு பாக்கலாம்."

கண்ணீர் அஞ்சலி

அன்று மாலைக்குள் எப்படியோ ஐந்து பேர் ஆனார்கள். இது போதாது, விளம்பரம் வேண்டும் என்று பாகூரில் ஃப்ளெக்ஸ் பிரிண்ட் போடுகிற பஷீர் பாய்க்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினேன். கேள்வி கேட்டதற்காக விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட அந்தப் பழைய கிரேக்கத் தாடிக்காரரின் சிலைப் படம். கீழே, "கேள்வி கேட்டே வாழ்ந்தார், கேள்வி கேட்டதற்காகவே உயிர் துறந்தார். மெய்யியல் துறை" என்று எழுதி, என் போன் நம்பரும் கொடுத்தேன். நாளைக் காலையில் கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் கட்டிவிடுகிறேன் என்றார் பாய்.

புதன்கிழமை காலை ஏழு மணியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. எல்லாரும் ரொம்பத் தணிந்த குரலில் பேசினார்கள். "எப்ப எடுக்கறீங்க?" என்றார் ஒருவர். அடித்துப் பிடித்துக்கொண்டு கிருமாம்பாக்கம் ஓடினேன். அடக் கடவுளே! நாலு மூலையிலும் ரோஜாப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, தலைக்குமேல் கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". அடியில் "ஆறாத் துயரில் வாடும் மெய்யியல் துறை" என்று இருந்தது. பாயைப் போனில் பிடித்துக் கத்தினேன். "தாடி வெச்ச பெரியவர் போட்டோவ அனுப்பிச்சி, உயிர் துறந்தாருன்னு எழுதினா நான் இன்னா மேடம் நெனைப்பேன், காதுகுத்துன்னா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஸ்டாப்பில் பூ விற்கிற அக்கா அதற்குள் தாடிக்காரருக்கு ஒரு முழம் மல்லி சாத்தியிருந்தார். "உங்க மாமனாரா மேடம்? எப்படிப் போனாரு?" என்று கேட்டார். ரொம்ப நாளைக்கு முந்தி, வேற நாட்டுல, கேள்வி கேட்டாருன்னு ஊரே சேர்ந்து விஷம் குடுத்துட்டாங்க என்று சொன்னேன். அக்காவுக்குப் பூக்கட்டுகிற கை நின்றுவிட்டது. "கேள்வி கேட்டதுக்கா வெஷம் வெச்சாங்க? எங்கூட்டுக்காரரு இருபது வருஷமா 'சோறு ஆச்சா, சோறு ஆச்சா'ன்னு கேட்டுக்கினு கீறாரு, நான் எவ்ளோ பொறுமையா கீறேன் பாரு!"

மேசை இருக்கிறதா?

துக்கம் விசாரிக்கப் போன் பண்ணியவர்களில் இரண்டு பேரை அப்படியே பேசி மடக்கிச் சேர்த்துவிட்டேன். அனுதாப அலையில் ஜெயிக்கிறார்கள் என்று சொல்வார்களே, அது இதுதான் போலிருக்கிறது. ஆக ஏழு. பிரின்சிபல் மனமிரங்கி, இன்னும் எதில் சேருவது என்று முடிவு செய்யாத பிள்ளைகள் ஒரு பதினைந்து பேரை அன்று மத்தியானம் என் அறைக்கு அனுப்பினார். "ஒரு அரை மணி நேரம் சாம்பிள் காட்டுங்க" என்றார்.

நான் எனக்குப் பிடித்த பாடத்தை எடுத்தேன். மேசையை ஓங்கித் தட்டி, "இது இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணு பொய் சொல்லலாம், கை பொய் சொல்லலாம். கனவுலகூட மேசை வருது. இந்த மேசை இருக்குன்னு யாராவது நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டு, நாடகத்தில் வருகிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் ஒரே சிரிப்பு. பாடம் எடுபடுகிறது என்று பூரித்துப்போய்த் திரும்பினால், மேசையைக் காணோம். ஆபீஸ் அட்டெண்டர் ஏழுமலையும் வாட்ச்மேனும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். "ஏழுமலை! கிளாஸ் நடக்குது, தெரியல?" என்று கத்தினேன். ஏழுமலை மேசையைக் கீழே வைக்காமலே தலையை மட்டும் திருப்பினார்: "உங்களுக்கு டவுட்டா கீதுன்னீங்களே மேடம். காமர்ஸுல டவுட்டே இல்லியாம், ரெண்டு மேசை கொறையுதுன்னு கேட்டாங்க."

நான் யார்?

அந்தக் கூத்தைப் பார்த்து, "இங்க ஜாலியா இருக்கும் போல" என்று இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒன்பது. இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டும். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டரையே பிடித்தேன். தினமும் பார்க்கிறவர், பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான் என்று தெரியும். "எங்ககிட்ட அனுப்புங்க சார். எங்க படிப்புல முதல் கேள்வியே 'நான் யார்?'ங்கறதுதான். எவ்ளோ ஆழமான கேள்வி தெரியுமா?" என்றேன். கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்: "அய்ய, வாணாம் மேடம். அவன் இப்பவே தெருவுல போறவன்கிட்டயெல்லாம் 'நான் யாரு தெரியுமா'ன்னு கேட்டு ஒத வாங்கிக்கினு வரான்."

இன்னாத்துக்கு?

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. ஒன்பதிலேயே நிற்கிறது. ஏழுமலை டேப்பை வைத்துக்கொண்டு என் அறையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். மேசை இல்லாததால் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷமும் இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கோவிந்தம்மா. முட்டியைக் காட்ட வந்துவிட்டார் என்று நினைத்து, "அம்மா, இங்க முட்டி பாக்கறதில்ல" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. "தெரியும். இவளப் பாரு" என்று மகளை முன்னால் தள்ளினார். "அன்னிக்கி நீ கேட்டத வூட்ல போய் கேட்டேன். அவ்ளோதான். வலி முட்டியிலதான்னு அவங்கப்பா, மனசுலதான்னு இவ. நாலு நாளா வூட்ல சோறு ஆக்க வுடல. காமர்ஸு வாணாம், அந்த ரூமுதான் வோணும்னு நிக்கிறா."

வெண்ணிலாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிரின்சிபல் அறைக்கு ஓடினேன். மணி மூன்று ஐம்பது. பிரின்சிபல் விண்ணப்பத்தைப் பார்த்தார், மார்க்கைப் பார்த்தார். அக்கறையாகத்தான் கேட்டார்: "நல்ல மார்க் இருக்கே. காமர்ஸே கெடைக்குமே. தத்துவம் இன்னாத்துக்கும்மா?" வெண்ணிலா சொன்னாள்: "திங்கக்கெழமை காமர்ஸ் வரிசையில நின்னேன் சார். நீங்களும் அங்கதான் நின்னீங்க. ஒருத்தரக்கூட 'இன்னாத்துக்கு'ன்னு நீங்க கேக்கல. தத்துவம்னு வந்தாதான் கேக்கறீங்க. அப்ப 'இன்னாத்துக்கு'ன்னு கேக்கற எடம் இதான சார்? அதான் வந்தேன்."

கணக்கு வாத்தியார் பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுந்தது. பத்து! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்ததும் ஏழுமலை டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, மேசையை எடுத்துவர ஆள் தேடிப் போனார். நான் கோவிந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நீ கேட்டதையே யோசிச்சிக்கினு பஸ்ஸுல நின்னுக்கினே வந்தேன், முட்டி வலி தெரியவேயில்லம்மா. இப்ப தலதான் விண்ணு விண்ணுன்னு வலிக்குது, அதுக்கு எந்த ரூமு?"

தத்துவம் எதற்கு என்று இனி யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயார்: முட்டியில் இருக்கிற வலியைத் தலைக்கு ஏற்றிவிடுவோம், தைலம் மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.