ஐந்து நட்சத்திர டாக்டர்

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் பார்க்கிறவன் நான். மேலடுக்கை மட்டும் பார்த்துப் பெட்டிக்கு விலை பேசுகிறவனைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். அடிவரைக்கும் கையை விட்டு நாலு பழத்தை எடுத்துப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். இப்படிப்பட்ட கெட்டிக்காரன், மனைவிக்கு டாக்டர் தேடும்போது போனில் தெரிந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவள் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை, மூட்டெல்லாம் வீக்கம். சேலத்து டாக்டருக்கு மூன்றரை நட்சத்திரம், தருமபுரிக்காரருக்கு ஐந்து. பிறகென்ன யோசனை?

அங்கே டோக்கன் கொடுக்கிற பெண், "அண்ணா, போனைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் ரேஷன் கார்டை நீட்டுவதுபோல நீட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நீட்டினேன். ஐந்து நட்சத்திரத்தை அமுக்கி, 'மிக நல்ல டாக்டர்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். நாங்கள் இன்னும் டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நட்சத்திரமும் இந்தப் பெண்ணின் கட்டைவிரலில் முளைத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் மாத்திரை கேட்டது. வீக்கம் வடிந்து, தையல் மெஷின் சத்தம் மறுபடி வீட்டில் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டேன்.

ஒருமுறை போனபோது டாக்டர் இல்லை. "மருந்துக் கம்பெனிக்காரங்க வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கண்ணா, அடுத்த வாரம் வாங்க" என்றாள் அவள், ஏதோ எங்களுக்கும் பெருமை என்பதுபோல. அடுத்த வாரம் போனால் சுவரில் புதுக் கடிகாரம், மேஜையில் புதுப் பேனா ஸ்டாண்டு. சீட்டிலும் புது மாத்திரை. கடிகாரத்திலும் ஸ்டாண்டிலும் மாத்திரை அட்டையிலும் ஒரே கம்பெனிப் பெயர். பயணத்துக்கும் மாத்திரைக்கும் முடிச்சுப் போட என்னிடம் சாட்சி ஒன்றும் கிடையாது. கண் மட்டும் இருந்தது.

புது மாத்திரை என் மனைவிக்குச் சேரவில்லை. விரல்கள் பழையபடி வீங்கின. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் அவள் அழுததைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பழைய மாத்திரையே நல்லா கேட்டுதுங்க, சார்" என்றேன் டாக்டரிடம்.

"அதவிட இது நல்ல மருந்து. நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

வெளியே வந்து மெடிக்கலில் பழைய மாத்திரையைக் கேட்டேன். சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, ஒற்றை நட்சத்திரமாக மாற்றப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"வேணாங்க. உங்க பேரு அதுல தெரியுது. அவரு கோவிச்சுக்கிட்டா நாளைக்கு என்னை யாரு பாப்பாங்க? சேலத்துக்கு பஸ்ல இடி வாங்கிட்டு என்னால போக முடியாது."

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

போன வாரம் டாக்டரின் கிளினிக் வாசலில் காத்திருந்தோம். மாரண்டஹள்ளியிலிருந்து எனக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயி, தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க அஞ்சு ஸ்டாரு போட்டிருந்தீங்களே, அதப் பாத்துட்டுத்தாங்க வந்தோம். நீங்க பெட்டியோட அடிவரைக்கும் பாக்கறவரு, சும்மா போடமாட்டீங்கன்னு இவகிட்ட சொன்னேன். நல்லா பாப்பாருங்களா?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பேசுவது காதில் விழும் தூரத்தில், டோக்கன் பெண் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி வீங்கிய கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா பாப்பாருங்க" என்றாள்.