லயன் என்று எழுதினேன்

தமிழில் நான் புலி என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரே ஒரு சொல்லில் கோட்டை விட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவை ஒட்டிய ஒரு சிறு பட்டணத்து நகர மன்றத்தில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. ஊர்க்கோடியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். அதன் நடுவே ஒரு பாரிட். வெறும் வாய்க்கால்தான், ஆனால் இந்தப் பக்கம் எங்கள் மன்றம், அந்தப் பக்கம் மாவட்ட மன்றம். எங்கள் பக்கம் காய்ந்த லாலாங் புல்லை எரிக்கவே கூடாது. நில எல்லையிலிருந்து முப்பது அடிக்கு வெட்டி எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் பெர்மிட் வாங்கினால் தாராளமாக எரிக்கலாம்; எல்லையில் எத்தனை அடி வெட்டுவது என்று ஒரு வரிகூடக் கிடையாது.

அந்த வருடம் மழை பொய்த்தது. நோட்டீஸைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு. ‘எல்லைக்கோடு’ என்றால் தோட்டத்து மக்களுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்து, ஆபீஸில் எல்லையை இங்கிலீஷில் சொல்வதுபோல் ‘லயன்’ என்று எழுதினேன். லயனிலிருந்து முப்பது அடி. தோட்டத்தில் லயன் என்றால் வரிசை வீடு. நான் பிறந்ததே அப்படி ஒரு வீட்டில்தான்.

ஒரு மத்தியானம், அந்தப் பக்கம் பெர்மிட்டோடு கொளுத்திய தீ பாரிட்டைத் தாண்டியது. பாரிட்டில் தண்ணீர் இல்லை. இந்தக் கரையில் இடுப்பளவு லாலாங். அதை ஒட்டி, லயனில் குடியிருந்த அஞ்சலையக்காவின் மாட்டுக் கொட்டகை. அவர் புருஷன் மாரிமுத்து கயிறு அவிழ்க்க உள்ளே ஓடினார். இரண்டு மாடுகள் வெளியே வந்தன. அவர் வரவில்லை.

மறுநாள் எங்கள் மன்றத்து இன்ஸ்பெக்டர் டேப் பிடித்து அளந்தார். வீடுகளைச் சுற்றி முப்பது அடிக்கு ஒரு புல் இல்லை. மாவட்ட மன்றத்து ஆள் பாரிட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“எங்க பெர்மிட் சரியாத்தான் இருக்கு லா. உங்க பக்கம் ஏன் வெட்டல?”

“வெட்டியிருக்காங்க. வேண்டாத இடத்துல வெட்டியிருக்காங்க,” என்ற இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார். “எந்தக் கழுதை லயன்னு எழுதுனது?”

“நான்தான் சார்.”

அவர் டேப்பைச் சுருட்டினார். அதற்கு மேல் திட்டவில்லை; திட்டியிருக்கலாம்.

பாரிட்டின் இரு பக்கமும் விதி மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: அதற்குப் பிறகு எந்த நோட்டீஸையும், அதைப் படிக்கப்போகிற ஒருவரிடம் காட்டாமல் நான் அனுப்பியதில்லை.

சில மாதம் கழித்து, புதுக் கொட்டகைக்கு லைசென்ஸ் கேட்டு அஞ்சலையக்கா கவுண்டருக்கு வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

“அக்கா, அந்த நோட்டீஸ் நான் எழுதுனது. தப்பா எழுதிட்டேன்.”

ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

“மாவுப் பசை தடவி ஒட்டிட்டுப் போனீங்களே, அதுவா? அத அன்னிக்கே ஆடு தின்னுருச்சு தம்பி. பாம்புக்குப் பயந்து வீட்டச் சுத்தி வருசா வருசம் புல்லு வெட்டுறதுதான் லா. இந்த ஃபாரத்துல எங்க கைநாட்டு வைக்கணும், அதச் சொல்லுங்க.”